உள்ளிருந்து திறக்காத ஆலை

வியாழக்கிழமை, மார்ச் 12, பிற்பகல் 2.10. நீ எடுக்காத அழைப்புகள்: பதினொன்று.

அன்புள்ள சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று உன் விடுதிச் செயலி சொல்கிறது. நேற்று ராத்திரி எட்டு நாற்பதுக்கு உள்ளே வந்தாய், சாப்பிட்டாய், பச்சைக் குறி விழுந்திருக்கிறது. அதை உன் வாயால் கேட்டு நாலு நாளாகிறது. அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், நான் பக்கத்தில் வந்தால் "சார்ஜ் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள், "ஒரு பொம்மைச் சண்டைக்காக அப்பனும் மகளும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்களே, வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று. மருந்துக் கடையில் அவளுக்கு நின்றே வேலை, கால் வீங்குகிறது, சொன்னால் கேட்பதில்லை. சலவை இயந்திரத்துக்கு பேரிங் மாற்றினேன், இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. இதெல்லாம் நல்ல செய்தி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாம் இணையத்தில் ஆடிய போர் ஆட்டத்தைப் பற்றி. நான் கட்டிய சுவரில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு முந்தைய போர், இடிந்த ஆலை, நம் அணியில் ஐந்து பேருக்கு நான் ஒருத்தன்தான் பொறியாளர், மணல்மூட்டையும் முள்கம்பியும் என் பொறுப்பு. மேஸ்திரி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். பின்வாசலை அடைத்தேன், இரண்டு ஜன்னலை அடைத்தேன், எவனும் உள்ளே வர முடியாது. நீ அப்போதே சொன்னாய், "அப்பா, முன்வாசல விடுங்கப்பா, நாங்க பாலத்துக்குப் போகணும்" என்று. முதலில் பத்திரம், அப்புறம் பாலம் என்றேன். உள்ளேயிருந்து கட்டினால் மூட்டை சரியாக உட்காராது என்று வெளியே போய் நின்று முன்வாசலையும் கட்டினேன். கடைசி மூட்டையை வைத்த கையோடு சுட்டுவிட்டார்கள்.

நான் விழுந்து கிடந்தேன். வைத்தியப் பை உன்னிடம், அரை நிமிஷத்துக்குள் வந்து தொட்டால் எழுந்துவிடுவேன். நீ ஓடி வந்தாய், காலடிச் சத்தம் கேட்டது. நடுவில் என் சுவர். கட்டியவனால்தான் பிரிக்க முடியும், சொந்த அணிக்காரர் குண்டு அதில் ஏறாது. அரை நிமிஷம் போயிற்று, நான் செத்தேன். செத்தவனுக்கு அந்த ஆட்டத்தில் வேறு வேலையில்லை, கூட்டாளியின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு உன் கண் கிடைத்தது. நீ நாலு பக்கமும் போய்ப் பார்த்தாய், வெடி வைத்துப் பார்த்தாய், ஏறிப் பார்த்தாய். அப்புறம் மூலையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எதிரிகள் ஆலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நடந்தே போய்ப் பாலத்தில் கொடியை நட்டு ஜெயித்துவிட்டார்கள். வாத்து என்ற பெயரில் ஆடுகிறாளே உன் அறைத்தோழி, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "யப்பா, உங்கப்பா கட்டுனா பூகம்பம் வந்தாலும் அசையாதுடி" என்றாள். நீ சிரிக்கவில்லை. "எங்க ஹாஸ்டல் கேட்டும் அவர் கட்டுனதுதான்" என்றாய். என் காதில் விழுகிறது என்று தெரிந்துதான் சொன்னாய். மறுநாள் காலை அணியிலிருந்து என்னை எடுத்துவிட்டாய்.

எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்கமாட்டேன். நான் பயந்ததில் என்ன தப்பு? சேர்ந்த முதல் மாதம் ஒரு சாயங்காலம் உன் ஃபோன் அணைந்துபோய், வார்டனுக்கு அடித்தால் அவர் என்னை உன் அண்ணன் என்று நினைத்து "அப்பாவப் பேசச் சொல்லு தம்பி" என்று வைத்துவிட்டாரே, அந்த இரண்டு மணி நேரம் உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் நீ வெளியே போகச் செயலியில் என்னிடம் அனுமதி கேட்டால் பாதிக்குமேல் மறுப்பு அழுத்தினேன். அழுத்தினால் எனக்கு மூச்சு வந்தது.

இங்கே கொதிகலன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னல் கிடையாது. அடுத்த ஆள் வரும்வரை நாற்காலியை விட்டு நகரக்கூடாது, மூத்திரம் முட்டினாலும் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பதினைந்து வருஷமாகிறது, பழகவில்லை. நேற்று இந்த அறைக்குப் புதுக் கதவு போட்டான் ஒப்பந்தக்காரன். உள்ளேயிருந்து திறக்கச் சாவி வேண்டும் என்றான். கழற்றி எடுத்துக்கொண்டு போடா என்று கத்தினேன், தீ பிடித்தால் உள்ளே இருக்கிறவன் சாவியை எங்கே தேடுவான் என்று. "பாதுகாப்புக்குத்தானே சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமை நானும் அதைத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை போட்டி அரங்கத்தில் உங்கள் அணிக்குக் கடைசி வாய்ப்பு, நேரில் ஆடவேண்டும், வெளியே ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்று திங்கட்கிழமை நீ அனுப்பிய கோரிக்கை என் ஃபோனில் மஞ்சளாக நிற்கிறது. ஒரு வார்த்தை கெஞ்சி எழுதவில்லை நீ. நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவே காலாவதியாகிவிடும், நான் மறுக்கக்கூட வேண்டாம். மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஒன்றும் செய்யாமல் இருப்பதை.

தைரியமாக ஆடு. நன்றாயிரு, நிறைய நாள் நன்றாயிரு. சார்ஜரை மறக்காதே, அதை மட்டும் சொல்லவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா, முன்னாள் மேஸ்திரி

இனி நான் செய்யப்போவது:

1. அனுமதியை அழுத்துவது. அழுத்திவிட்டேன், 2.52.
2. உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று விடுதிக்கு எழுதி, இனி உன் அனுமதியை நீயே போட்டுக்கொள்ளும்படி மாற்றச் சொல்வது. இன்றே.
3. சனிக்கிழமை உன்னை அழைக்காமல் இருப்பது. இதுதான் ஆகாத வேலை. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.
4. எப்போதாவது திரும்பச் சேர்த்துக்கொண்டால், முன்வாசலைத் திறந்துவிட்டுப் பின்வாசலை மட்டும் கட்டுவது. பின்வாசலைக் கட்டியே தீருவேன்.