வினிகர் பட்டும் எரியாத புண்

அன்பு மச்சான் குணா, பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அப்பனாகவும் ஆத்தாளாகவும் நின்று உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுத்தவனே,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால், செத்தவனிடம் நலம் விசாரிக்கிற ஒரே ஆள் நீதான்டா என்று சிரிப்பாய். சரி, விசாரிக்கவில்லை. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

உன் திதிக்குப் பேப்பரில் படம் போட வேண்டும், கீழே நாலு வரி எழுதிக் கொடுங்க என்றாள் உன் தங்கச்சி செல்வி. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத என்னால் முடியவில்லை, மச்சான். நீ கெட்டவன் என்பதால் இல்லை. உன் மேல் எனக்கு அத்தனை கோபம்.

தோட்டம் அப்படியேதான் இருக்கிறது. உன் லோரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு மில்லுக்குத் திரும்புகிற முடக்கில் நீ அடிக்கிற ஹார்ன் இப்போது கேட்பதில்லை. போன மாதம் சுங்கை செம்பிலாங்குக்கு நண்டு வாங்கப் போனேன். நண்டு விற்கிற அந்தச் சீன ஆண்டி, உன்னோடு வருவாரே ஒரு பெரிய ஆள், அவர் எங்கே என்று மலாயில் கேட்டாள். இறந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பாலேக் கம்பம் என்றேன். ஊருக்குப் போய்விட்டாயாம். அவளும் தலையாட்டிவிட்டு, உனக்குப் பிடிக்கும் என்று பெரிய நண்டாகப் பார்த்து ஒன்றைக் கூடுதலாகப் போட்டாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்.

உனக்கு இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, வந்தபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தோட்டத்தில் அது யாருக்குத்தான் இல்லை என்றாய். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போட்டாய். பிறகு மில்லில் யாரோ உன் கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பித் தொலைத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் ஆப்பிள் வினிகர் கலந்து குடித்தால் சர்க்கரை இறங்கும், கொழுப்பு கரையும், மூட்டு வலி பறக்கும். வாரக் கடைசியில் ரவாங் வரை மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போய் வாங்கி வந்துவிட்டாய்.

எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றித் தந்தாய்.

"என்னா மச்சான் இது, ஊறுகா ஜாடி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு?"

"இயற்கை லா. குடி. மாத்திரையே போட்டுக்கிட்டு இருந்தா கிட்னிய அரிச்சிரும்."

எனக்குப் பல் கூசியது, அன்றோடு விட்டேன். நீ விடவில்லை. போத்தலைச் சாமி மேடையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். சூடம் காட்டிவிட்டுத்தான் குடிப்பாய். அதுவரை மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது, வினிகரும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே இருந்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திருவிழாவுக்குக் கொடி ஏறியது. நீ எல்லா வருஷமும் போல் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டாய். விரதத்தில் இருக்கும்போது மாத்திரை உள்ளே போகக் கூடாது, அது எதில் செய்தது என்று யாருக்குத் தெரியும், வினிகர் என்றால் பழம், சைவம் என்றாய். நம் கோயிலில் பாதிப் பேர் அப்படித்தான். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று மாத்திரையை அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். காப்பு அவிழ்த்த மறுநாள் திரும்ப எடுப்பவர்களும் உண்டு. நீ எடுக்கவில்லை.

ஏன் எடுப்பாய்? உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டியிருந்தாய். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டே குணா என்று கோயிலில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நீயும் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாய். சர்க்கரை ஏறித்தான் உன் சதையைத் தின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷத்துத் தீமிதியை யாரால் மறக்க முடியும்? அதற்கு முன்னெல்லாம் நீ தீயில் நடக்கவா செய்தாய், ஓடினாய். நாலே எட்டில் தாண்டி அந்தப் பக்கத்துப் பால் குழியில் விழாத குறையாக இறங்கி, "ஆத்தா, சுடுதே!" என்று நீ கத்துகிற கத்தில் எல்லாரும் சிரிப்போம். அந்த வருஷம் நடந்தாய். கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி மெதுவாக நடந்தாய். நடுவில் ஒரு தடவை நின்றாய். நின்றாய், மச்சான்! உறுமி அடித்தவர் அடிப்பதை மறந்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஓடி வந்து உன் காலில் விழுந்தார்.

செல்வி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். தாய் தகப்பன் போன பிறகு, கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் தன்னை வளர்த்த அண்ணனை அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அழுதாள். நீ தீக்குள் நிற்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டினாள். இப்போது அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டிருக்கிறோம்.

அதன் பிறகு உள்ளங்காலில் புண் வந்தது. காயாமல், ஆறாமல், தோல் உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. கிளினிக்குக்குப் போவோம் என்று நானும் செல்வியும் தலைபாடாக அடித்துக்கொண்டோம். நீ வினிகரைத் துணியில் நனைத்துப் பிழிந்து விட்டாய்.

அன்று என் விரலில் செம்பனை முள் ஏறிப் புண்ணாகியிருந்தது. நீ பிழியும்போது அதில் ஒரு சொட்டுத் தெறித்தது. உயிர் போகிற மாதிரி எரிந்தது. கையை உதறிக்கொண்டு குதித்தேன். நீ திறந்த புண்ணில் போத்தலைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்னா மச்சான், இதுக்கே இந்த ஆட்டம் ஆடுறே?"

"உனக்கு எரியலயா?"

"எரியல லா. எரியாம இருந்தா ஆறுதுன்னு அர்த்தம்."

செருப்பும் அப்படித்தான். வாசலில் ஒரு காலில் செருப்போடு வந்து நிற்பாய். மற்றது எங்கே என்று கேட்டால் குனிந்து பார்த்துவிட்டு, "அட, கழண்டது தெரியலயே" என்பாய். அம்மா இன்னும் என் காலிலேயே கை வைத்திருக்கிறாள் என்று செல்வியிடம் சொல்வாய். அவளும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

காய்ச்சலில் நீ பேச்சுக் குழறிய பிறகுதான் உன்னை லோரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் ஒரு சின்ன டாக்டரம்மா வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். உன்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்து, நல்ல காலில், "தொடும்போது சொல்லுங்க அண்ணே" என்றார். பெருவிரலில் தொட்டார். பாதத்தில் தொட்டார். குதிகாலில் நூல் வளைகிற அளவுக்கு அழுத்தினார். நீ கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாய். அப்புறம் கேட்டாயே ஒன்று, அது என்னைத் தினமும் கொல்கிறது.

"இன்னும் ஆரம்பிக்கலயா டாக்டர்?"

அவர் நூலைப் பையில் போட்டுவிட்டார். சர்க்கரை அதிகமாகி நரம்பு செத்துப் போயிருக்கிறது, இரண்டு காலிலும் உணர்ச்சி இல்லை, இது பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்றார். வினிகரைப் பற்றி நானே கேட்டேன். சாப்பாட்டோடு கொஞ்சம் சேர்ப்பதைப் பற்றி அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. மாத்திரை செய்கிற வேலையை அது செய்யாது, புண்ணில் ஊற்றவே கூடாது என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "அப்ப அன்னைக்கித் தீ சுடாதது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலை எடுக்க வேண்டும் என்று சொன்னபோதுகூட நீ அப்படி ஆகவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாய்.

"செல்விக்கிட்ட சொல்லாத மச்சான். அவளுக்கு நான் வேற என்னா குடுத்தேன்? அது ஒன்னுதான். அப்படியே இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்றேன். காலை எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். நீ அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை.

இப்போது கேள், நீ பத்திரமாக வைக்கச் சொன்ன அந்த ஒன்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்று.

செல்விக்கும் இனிப்பு நீர். நீ இருக்கும்போதே இருந்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கிளினிக் மாத்திரை தொடாமல் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் என் அண்ணன் செத்தார், வினிகர் குடித்தவரை உயிரோடு இருந்தார் என்கிறாள். உன் மேடையில் இருந்த பாதிப் போத்தலை எடுத்து வந்து எங்கள் சாமி மேடையில் வைத்திருக்கிறாள். தீர்ந்ததும் அதே மாதிரி வாங்கிக்கொள்கிறாள். காலையில் சூடம், பிறகு வினிகர். நான் வாயைத் திறந்தால், "உங்களுக்கு நம்பிக்கை இல்லனா சும்மா இருங்க" என்பாள். செரண்டா ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், கால் வலிக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச காலம் ஆகிறது. நானும் சந்தோஷப்பட்டேன், மடையன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் அவள் செருப்பு ஒன்று கிடக்கிறது. அவள் ஒரு காலில் செருப்போடு, பூக்கூடையை ஏந்திக்கொண்டு, ஹாலுக்குள் போய்விட்டாள்.

"செல்வி, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தாள். அவள் பயந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் முகம் மலர்ந்தது, மச்சான். உன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனுக்கு மாதிரியே! அம்மா என்னையும் ஏத்துக்கிட்டாங்க."

இந்த வருஷம் உனக்குப் பதிலாக அவள் தீயில் இறங்கப் போகிறாள். பூசாரியிடம் பெயர் கொடுத்தாயிற்று. நான் தனியாகப் போய் அவரிடம் கெஞ்சினேன். குணா தங்கச்சியை நான் எப்படி வேண்டாம் என்பேன், ஊர் என்ன பேசும் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் அவள் யார் சொன்னாலும் பின்வாங்க மாட்டாள். அவளும் மெதுவாக நடப்பாள். நடுவில் நிற்பாள். எல்லாரும் குலவையிடுவார்கள். நான் மட்டும் அந்தக் கூட்டத்தில் அவள் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முடியுமா என்னால்?

என்னிடம் இருப்பது உன் ரகசியம் ஒன்றுதான். அதைச் சொன்னால் அவள் தீயில் இறங்காமல் இருக்கலாம். ஆனால் ஹாலில் மாட்டியிருக்கிற அந்தப் படம் அன்றோடு வெறும் படம். அவளுடைய சாமியையும் அண்ணனையும் ஒரே வாயால் அடிக்க வேண்டும். சொல்லியும் அவள் நம்பாமல் போனால்? நீங்கள் என் அண்ணன் மேல் பொறாமை பிடித்தவர் என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ மாலைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். அம்மனிடமும் கேட்டேன். சுடுகிற காலை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கக் கூடாதா, அதுதானே வரம் என்று கேட்டேன்.

அதனால் உனக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன், மச்சான். அந்த நாலு வரிக்குப் பதிலாக இந்தக் கடிதம் பேப்பரில் வந்து நாலு பேர் கண்ணில் படுவதற்கு முன்னால், நாளைக் காலையில் அவள் சூடம் கொளுத்துவதற்குள் சொல்லிவிடுவேன். அவள் கண்ணை மூடச் சொல்லி, நானே ஒரு நூலை எடுத்து அவள் பாதத்தைத் தொடுவேன். தொட்டுக்கொண்டே இருப்பேன். இன்னும் ஆரம்பிக்கலயா என்று அவளும் கேட்டுவிடக் கூடாது. அதற்கு மட்டும், எங்கே இருக்கிறாயோ அங்கிருந்து நீ வேண்டிக்கொள்.

அவள் என்னை வெறுக்கட்டும். உன் படத்தை என் மேலேயே வீசட்டும். என்னோடு வாழ மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். உனக்கு நான் இப்போது தருகிற வாக்கு இது ஒன்றுதான்: வீட்டை விட்டுப் போனாலும் உன் தங்கச்சி இரண்டு காலாலும் நடந்து போவாள்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உனக்கு எப்போதும் மச்சான்,
சேகர்