கல்லில் ஒரு தொத்சென்ட்

“பேருக்கு முன்னாடி இன்னா சார் போடணும்? டாக்டரா, புரொபசரா?”

உன் கல்லறைக்குக் கல் செதுக்குபவர் காலையில் தாம்பரத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். உன் மகன் புரொபசர் என்கிறான். உன் மனைவி, “நீங்களே சொல்லுங்கண்ணா” என்று விட்டுவிட்டாள். கல்லில் வரவேண்டிய எழுத்தின் மாதிரித் தாளை மேசையில் வைத்துவிட்டு, வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ கசாக்ஸ்தானில் அல்மாட்டிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தாய், பிறகு மங்கோலியாவில் உலான்பாத்தரில். இரண்டு இடத்திலும் உன் பதவி தொத்சென்ட். மூத்த ஆசிரியருக்கு மேலே, புரொபசருக்குக் கீழே. “ருஷ்யன், கசாக், மங்கோலியன், மூணுலயும் அதே வார்த்தைடா. அவ்ளோ பனியைத் தாண்டுச்சு, மேடவாக்கம் சிக்னலைத் தாண்டல” என்று சிரிப்பாய்.

தாண்டவிடாதவன் நான்தான். நீ ஊர் திரும்பியதும் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்து, அழைப்பிதழில் புரொபசர் என்று அச்சடித்தேன். மேடையேறுபவரை ஒரு படி உயர்த்திச் சொல்வதுதான் நமக்கு மரியாதை. கம்பவுண்டரைக்கூட டாக்டர் என்போமே, அப்படி. நீ மைக்கைப் பிடித்து முதலில் சொன்னது: “அழைப்பிதழ்ல தப்பு இருக்கு. நான் புரொபசர் இல்ல.” பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் பொரிந்து தள்ளினேன். “இங்க எவனுக்குடா தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல? அங்க எங்க துறைப் புரொபசரம்மா அந்த நாற்காலிக்கு எவ்ளோ உழைச்சாங்க! அதுல என்னை ஏன்டா தூக்கி உக்கார வைக்கிற?”

நாலு மாதம் நான் பேசவில்லை. நீதான் பலாச்சுளைப் பையோடு வந்தாய், எதுவுமே நடக்காததுபோல. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான்கு மணிக்கு உன் மகனைக் கூப்பிட்டு, தொத்சென்ட் என்றே போடலாம் என்றேன். “அங்கிள், யாருக்குமே புரியாதே?”

“புரியாதுப்பா. ஆனா உங்கப்பா அதுதான்.”

“சரி, போடுங்க” என்றான்.

கல் செதுக்குபவருக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னேன். “ஊர்ப் பேரா சார் இது?”

“இல்லப்பா. அவர் பார்த்த வேலை.”

சொல்லிவிட்டேன், ஆனாலும் உட்கார முடியவில்லை. யாரைப் பற்றிப் பேசினாலும் ஒரு படி கூட்டிச் சொல்ல என் நாக்கு இன்னும் துடிக்கிறது. உன் நினைவு வந்து கடித்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை ஒருவரை அறிமுகப்படுத்தும் முன், தம்மை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொன்னபடியே சொல்லுங்கள்.