அம்மா சொன்ன ஆறு இலக்க எண்

அம்மாவுக்கு, உன் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? மாமா வீட்டில் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாகப் பண வகுப்பு நடந்தது. அத்தைக்குத் துணையாகப் போனேன். அவரவர் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று கணினியில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் விளையாட்டாக உன் பான் அட்டை எண்ணைப் போட்டேன். அதற்குத்தான் டீச்சர் போனிலிருந்து கூப்பிட்டு, உன் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டேன்.

"உன் மாமனும் இதேதான் கேக்குறான், உன் ஃபீஸ் கட்டணுமாம். இப்ப நீயுமா?" என்று சிரித்துக்கொண்டே படித்துச் சொன்னாய்.

உன் பெயரில் மூன்று கடன்கள் இருக்கின்றன அம்மா. மாமா கேட்டு நீ சொன்ன ஒவ்வொரு எண்ணும், ஒரு கடனுக்கு நீ சம்மதித்ததாக அர்த்தமாம். இந்தப் பள்ளியில் ஃபீஸே கிடையாது.

"அம்மாவை நேர்ல வரச் சொல்லும்மா. புகார் கொடுக்க நாங்க கூட வர்றோம்" என்றார் டீச்சர். இதைத் தபாலில் போடுவதும் அவர்தான்.

வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டு வா. இங்கே குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

குளியலறையில் ஒளிந்து எழுதுகிறேன். மாமா எழுந்துவிட்டார். அவர் கேட்டால் எண் எதுவும் வரவில்லை என்று சொல். நானே கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லாதே. அப்போது அவர் என் பக்கத்தில் நிற்பார்.