விட்டுவிட்ட இரண்டு சொற்கள்

1942 ஜூன் 22, திங்கள். தென்காசி

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் தொடங்கி இரண்டு வாரம். தங்கபுஷ்பம் டீச்சர் இன்று செயப்பாட்டு வினை எடுத்தார்கள். ‘மாம்பழங்கள் திருடப்பட்டன’ என்பதை இங்கிலீஷில் எழுதினோம். யார் திருடியது என்று எழுத வேண்டாமா என்று கேட்டேன். “தெரியலைன்னா விட்டுரலாம் முத்துவடிவு. இங்கிலீஷ்ல அது தப்பில்ல” என்றார்கள். வகுப்பே சிரித்தது. காலையிலிருந்து சாரல். நோட்டுத் தாள் நமுத்துப்போய் மை ஊறுகிறது.

ஜூலை 3, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சொரிமுத்து அண்ணனைப் பற்றிப் பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தது. சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வாசித்துச் சொல்லட்டுமா என்று தபால்காரர் கேட்டார். “எதுக்கு? வீட்டுலயே இங்கிலீஷ் இருக்குல்லா” என்று அய்யா பெருமையாக என்னைக் கூப்பிட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அவரோடு சண்டை போட்டதே அண்ணன்தான்.

டைப் அடித்த நாலு வரி. ‘மிஸ்ஸிங்’ — காணவில்லை. அதையடுத்து இரண்டு சொல்: ‘பிலீவ்ட் கில்ட்’. கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி கதவுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமாகி அண்ணனோடு அவள் இருந்தது இருபது நாள்.

“அண்ணனைக் காணலையாம். தேடுதாங்களாம்” என்றேன்.

தேடுவதாக அதில் ஓரெழுத்துகூட இல்லை.

ஜூலை 4

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 20

சொல்லவில்லை.

சாயங்காலம் மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் என்று பெயர், புளியறைக்காரி, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தமிழ் நன்றாக வாசிப்பாள்.

“ஏட்டி வடிவு, எனக்கும் இங்கிலீஷ் சொல்லித் தாயேன்.”

“எதுக்கு மதினி?”

“உங்க அண்ணன் ஜப்பான்காரன்கிட்ட பிடிபட்டிருந்தா காயிதம் இங்கிலீஷ்லதான் வருமாம். எனக்கு எழுதினதை நீ எல்லாருக்கும் முன்னால வாசிக்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? வெக்கமா இருக்காதா?”

முதல் பாரத்து இங்கிலீஷ் ரீடரை எடுத்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வண்டி கட்டி எல்லாரும் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். போகிற வழியெல்லாம் மைல்கல்லில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை மதினி கூட்டிக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஆறு மாதம் ஆனது அவளுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

தலை துவட்டும்போது, “அந்தக் காயிதத்துல வேற ஒண்ணும் இல்லையேட்டி?” என்று கேட்டாள். அருவிச் சத்தத்தில் காதில் விழாதவள்போல் இருந்துவிட்டேன். விழுந்தது. நன்றாக விழுந்தது.

செப்டம்பர் 19, சனி

ரீடரில் நரிக் கதை. நரி கோழியைக் கொன்றது என்று ஒரு வரி. மதினி எழுத்தைக் கூட்டிப் பார்த்து, “கில்ட்னா என்ன?” என்றாள். சொன்னேன். வேறு என்ன செய்ய?

எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. காகிதத்தோடு வந்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தாள். “இந்தச் சொல்லு இங்க இருக்கேட்டி. தினமும் எடுத்துப் பாக்கேன். எல்லாச் சொல்லும் எனக்கு மனப்பாடம், அர்த்தம் மட்டும்தான் தெரியலை. இதுக்கு முன்னால இருக்கிறது என்ன?”

“நம்பப்படுது மதினி.”

“யாரு நம்புதா?”

“யாருன்னு போடலை.”

காகிதத்தை மடித்தாள். பிறகு, “நான் நம்பலை” என்றாள். “ஆனா நீ என்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது. எனக்கு வந்த சேதிய நீ எப்படிட்டி பாதியாக்கலாம்?”

அழுதேன். அவள் அழவில்லை.

செப்டம்பர் 20

எல்லாரிடமும் நானே சொன்னேன். அம்மா தரையில் சாய்ந்துவிட்டாள். அய்யா அடிப்பார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அய்யாவின் அண்ணன், பெரியய்யா வந்து, “இனி என்ன? காரியத்தைப் பண்ணிர வேண்டியதுதான்” என்றார். மதினி தாலியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, “தெரியும்னு எழுதலை மாமா. நம்புதோம்னுதான் எழுதியிருக்கான்” என்றாள். பெரியய்யாவுக்கு எதிரே அவள் வாய் திறந்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 5

அய்யா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் டீச்சர் வீட்டுக்கு அவரே எங்களைக் கூட்டிப் போனார். டீச்சர் காகிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மதினியைக் காட்டி, “இவ சொல்லுதது சரிதான். எழுதுன ஆபீசுக்கே கேட்டு எழுதுங்க” என்றார்கள். எழுதித் தர மாட்டேன், திருத்தித் தருகிறேன் என்றார்கள். மதினியும் நானும் நாலு நாள் எழுதினோம். என் கணவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா, உங்களுக்கு எப்படித் தெரியும் — இரண்டே கேள்வி. கீழே மதினி கையெழுத்து, இங்கிலீஷில்.

1943 ஜனவரி 18, திங்கள்

பதில் வந்தது. உறையில் மதினி பெயர்.

முற்றத்தில் நின்றபடியே தனியாக வாசித்தாள். இரண்டு சொல்லுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள். ஒன்று ‘விட்னஸ்’: நேரில் பார்த்தவர். இன்னொன்று ‘பரீட்’: புதைக்கப்பட்டார். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

அய்யா முன்னால் போய் உட்கார்ந்தாள். “மாமா, இனி கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. போன வருஷம் தை மாசமே போயிட்டாவ. மலேயாவுல ஒரு ஆத்தங்கரையில. தப்பி வந்த ரெண்டு பேரு பாத்திருக்காங்க” என்றாள். பிறகு ஒவ்வொரு வரியாக, ஒரு சொல் விடாமல், தமிழில் சொன்னாள். கடைசி வரிக்கு வந்த பிறகுதான் குரல் உடைந்தது.

ஜனவரி 29

காரியம் முடிந்தது. அய்யா சாப்பிடும்போது, “வடிவு, தண்ணி எடு” என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு என் பெயர்.

ஏப்ரல் 12

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் பழக்குகிறார்களாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். மதினி போகிறேன் என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்றார் அய்யா. யாருமே எதிர்பார்க்கவில்லை — அம்மாதான், “போகட்டும். இங்கன இருந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்றாள்.

ஜூலை 12, திங்கள்

நான்காம் பாரம். பாடம் கடினம்.

மதினியிடமிருந்து அம்மாவுக்கு முதல் கடிதம். சாப்பாட்டில் புளியே இல்லையாம். மருந்துப் புட்டிகளை எல்லாம் அவளே வாசித்து எடுத்துக் கொடுக்கிறாளாம். அம்மா அதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எல்லாம் தமிழ்; கடைசி இரண்டு வரி மட்டும் இங்கிலீஷ். ஓரிடத்தில் வினை தப்பு. திருத்தப் பென்சிலை எடுத்தவள் வைத்துவிட்டேன்.

“அதுல என்னட்டி எழுதியிருக்கா?” என்றாள் அம்மா.

தனியாக இருக்கும்போது அழுகிறேன், உங்கள் மகனை நினைத்து, என்று எழுதியிருந்தாள்.

வாசித்துச் சொன்னேன்.