ஒன்பது வாங்கிய பள்ளி

அன்புள்ள அக்கா,

இப்படி அவசரமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடு முடிவாகிவிட்டது. பாப்பா சேரப்போகும் பக்கத்துப் பள்ளிக்குத் தரப்பட்டியலில் பத்துக்கு ஒன்பது. ஆனால் வீட்டில் இரண்டே அறைகள். இதே விலைக்கு, அம்மா முப்பது வருஷம் பாடம் நடத்திய பள்ளியின் பக்கம் மூன்று அறை கிடைக்கும். அந்தப் பள்ளிக்கு மூன்றுதான்.

"நான் வேலை பாத்த பள்ளிக்கூடம்டி. பாப்பா அங்க படிச்சா என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"நீ பாத்ததாலதாம்மா மூணு," என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் யாரும் போகச் சொல்லவில்லை.

அம்மாவை நீ அழைத்துக்கொள்வாயா? முதியோர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை வரைதான் இடம் வைத்திருப்பார்களாம். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை