பூசை முடிந்து பத்து நிமிடம்

அண்ணே,

இன்று காலையில் உன் காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தட்டையான முதுகு வைத்த லாரி ஒன்று வந்தது. கம்பி வடத்தை மாட்டி இழுத்து ஏற்றினார்கள். நான் அடுக்களை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன், வெளியே வரவில்லை. லாரி தெருமுனை திரும்பிய பிறகு ஷெட்டுக்குள் போனேன். கார் நின்ற இடத்தில், சிமெண்ட் தரையில் தாம்பாளம் அளவுக்கு நீல நிறத்தில் ஈரம் கிடந்தது. பாகு கொஞ்சம் முறுகினால் வருமே, அந்த இனிப்பு வாசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். "அது விசம்ளா, பூனை நக்கிராம தண்ணி ஊத்திக் கழுவிரு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தேன். ஊற்ற மனம் வரவில்லை. முக்காலியைப் போட்டு, பூனை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அதில் கடைசி இரண்டு மாதமாக ஒரே ஒரு எண்ணம் என்னைப் பிடித்து ஆட்டியது. நீ ஆசை ஆசையாக வாங்கிய காரின் எஞ்சினைக் கெடுத்தது நான்தான். இது தெரிந்திருந்தால் நீ என்னை என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டுக் கேட்டு, சோறு இறங்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மறுவருடம் நீ அந்தக் காரை வாங்கினாய். கப்பலிலிருந்து லீவில் வந்தவன், கொச்சி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாய். மூன்றாம் நாள் ஒரு கறுப்பு ஜெர்மன் காரில் வந்து இறங்கினாய். புதிதில் கோடிக்கு மேல் விலையாம். பத்து வருடம் ஓடிய பிறகு இருபத்திரண்டு லட்சத்துக்கு உனக்குக் கிடைத்ததாம். எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ என்று என்னென்னவோ சொன்னாய். எனக்குப் புரிந்ததெல்லாம், அதை முடுக்கினால் ஷெட்டின் தகரக் கூரை அதிர்கிறது என்பதுதான். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "முப்பது வருசமா அடுத்தவன் எஞ்சினையே பாத்தாச்சு. நமக்குன்னு ஒரு எஞ்சின் வேண்டாமா?" என்றாய். கல்யாணம் முடிக்காத மனுசன் ஒன்றைக் கேட்கும்போது நான் என்ன மறுத்துச் சொல்ல?

பைபாஸில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முத்துதான் முதலில் உண்மையைச் சொன்னான். காரைச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வண்டி விலைதான் எறங்கியிருக்கு, சாமான் விலை எறங்கல" என்றான். அவன் வாக்கு ஒரு மாதத்தில் பலித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கார் முன்னங்காலை மடித்த மாடு மாதிரி படுத்துக் கிடந்தது. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பை இருக்குமாம், அது நம் ஊர் உப்புக்காற்றில் வெடித்துவிட்டதாம். ஒரு பையின் விலை ஒரு லட்சத்துக்கு மேல். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். அடுத்து பிரேக் தட்டு துருப்பிடித்தது. அதற்குக் கொடுத்த காசுக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். பிறகு எஞ்சின் மூடியின் கேஸ்கெட் ஒழுகி, எண்ணெய் சூட்டுக் குழாயில் சொட்டி, தெருவே கருகல் வாசனை அடித்தது. காலையில் முடுக்கினால் நீலப்புகை கிளம்பும். எதிர்வீட்டுக்காரி கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று ஜன்னலைச் சாத்துவாள். நான் உதட்டுக்குள் சிரித்தால் உனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பார்க்கவே சிரிப்பேன்.

பெரியதாழைக் கல்யாணம் நினைவிருக்கிறதா? அம்மா வழிச் சொந்தத்தில், நீ காரை ஊருக்குக் காட்டப் போன கல்யாணம். திருச்செந்தூர் தாண்டியதும் ஒரு மிதி மிதித்தாய். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, உடைமரமெல்லாம் பச்சைக் கோடாக ஓடியது. அவர் இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஐந்து நிமிடம்கூட அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. இந்த இனிப்பு வாசனை வந்தது, திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, நீ ஓரம் கட்டினாய். கூலண்ட் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று உடைந்திருந்தது. பட்டுச்சேலையோடு நான் ரோட்டோரம் நிற்க, சொந்தக்காரர்கள் மீன் ஏற்றும் வேனில் வந்து நம்மைக் கூட்டிப்போனார்கள். எங்கள் போட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தால் எழுந்துவிடும், உன் கோடி ரூபாய் வண்டியை எந்தக் கயிற்றால் இழுக்க என்று பந்தியில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டார்கள். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய். உன் காதெல்லாம் சிவந்திருந்தது.

லீவு முடிந்து கப்பலுக்குக் கிளம்பும் முன்பு சாவியை என் கையில் கொடுத்தாய். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உப்பளம் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஒரு தரம் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாய். நான் தொட்டதும் அது பாய்ந்து, உப்புப் பாத்தியின் வரப்பில் ஏறி நின்றது. நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் நீ ஓட்டச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடச் சொன்னாய். கப்பலில் லைஃப் போட் எஞ்சினை வாரத்துக்கு ஒரு முறை முடுக்கிப் பார்த்தே ஆக வேண்டுமாம். ஆபத்து நேரத்தில் அது கைவிட்டுவிடக் கூடாதே. அதே பழக்கத்தைக் காருக்கும் வைத்தாய். எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பு, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றாய்.

அப்போது நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத வீடு. பூசைக்குப் போவதைத் தவிர வாசல் தாண்டுவதில்லை. நீ எந்தத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாலும், "நல்லாருக்கேன், வச்சிருதேன்" என்று அரை நிமிடத்தில் துண்டித்துவிடுவேன். என்ன பேச? பேசினால் அழுகை வரும், அழுதால் நீ நடுக்கடலில் என்ன செய்வாய்?

முதல் ஞாயிறு வெறும் எஞ்சின் சத்தத்தைத்தான் அனுப்பினேன். பத்து நிமிடம் ஒரு காருக்குள் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் ஞாயிறு, துறைமுகத்து நிலக்கரித் தூசி கார் மேலுறையில் படிந்திருப்பதைச் சொன்னேன். மூன்றாவதில் சாளை மீன் விலை, சாமியாரின் நீளமான பிரசங்கம். அப்படியே வாய் திறந்துகொண்டது. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏசி ஓடுகிறது, எஞ்சின் உறுமுகிறது, நான் பேசுவது தெருவில் யாருக்கும் கேட்காது. ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தண்ணீர் கேட்டதையும், டாக்டர் கூடாது என்றதால் நான் கொடுக்காமல் இருந்ததையும் சொல்லி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் பதில் மறுநாள் வந்தது. "கேட்டேன்ளா. எஞ்சின் சத்தம் நல்லாருக்கு. அடுத்த ஞாயிறும் மறக்காம ஸ்டார்ட் பண்ணு." வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடுத்த ஞாயிறு வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கடைசி லீவில் காரை முத்துவிடம் கொண்டுபோனவன் சாயங்காலம் வாடிய முகத்தோடு வந்தாய். என்ன என்று கேட்டேன். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மீன் குழம்பைப் பாதியில் வைத்து எழுந்தாய். பத்து நாளில் கப்பலேறினாய். நாலாம் மாதம் அந்தச் செய்தி வந்தது. எஞ்சின் அறையிலிருந்து மேலேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வீடு வந்தாய். உன்னை அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, கைப்பழக்கத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டேன். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். பயந்துபோய் நிறுத்தினேன். பிறகு அதைத் தொடவே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு முத்துவை வரச்சொன்னேன். ஷெட்டிலேயே அடியில் படுத்து எண்ணெயை இறக்கினான். எண்ணெய்க்குள் மீன் செதிள் மாதிரி மினுமினுவென்று இரும்புத் துகள். பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், எட்டு லட்சம் ஆகும், அதற்கும் உத்தரவாதம் கிடையாது என்றான். எதனால் என்று கேட்டேன். இந்த மாதிரி எஞ்சினை நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் சூடு முழுதாக ஏறாதாம். ஈரமும் பெட்ரோலும் எண்ணெயில் இறங்கித் தங்கிவிடுமாம். வாரா வாரம் அப்படிச் செய்தால் எண்ணெய் வலுவிழந்து பேரிங்கைத் தின்றுவிடுமாம். சும்மா நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்றான்.

வாரா வாரம் செய்தது யார்? நான். நீ ஒரு மழைத்துளிகூடப் படாமல் துடைத்து வைத்த காரை, உள்ளே உட்கார்ந்து என் சோகத்தைப் பேசிப் பேசியே அழித்திருக்கிறேன். அன்றைக்கு முத்து போன பிறகு ஷெட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு திறக்கவில்லை.

கார் இனி தேறாது என்றானதும், பாகம் பாகமாகப் பிரித்து விற்கும் ஒருவரை முத்து கண்டுபிடித்தான். போன வாரம் அதைப் பேச வந்தான். காப்பி கொடுத்தேன். அண்ணன் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருப்பான் என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு இது தெரியும். போன லீவுலயே ஆயிலைக் காட்டுனேன். இன்னும் கொஞ்ச நாளு இப்படிப் போனா எஞ்சின் போயிரும், பேட்டரி வயரைக் கழத்தி வச்சிட்டுப் போங்கன்னேன். ஆயிலை வெரல்ல தேச்சுப் பாத்தாவ. பொறவு, போனா போவட்டும்ல, அவ ஸ்டார்ட் பண்ணட்டும், அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதன்னாவ."

முத்து எப்போது எழுந்து போனான் என்று எனக்குத் தெரியாது. போனை எடுத்து உன் கடைசிப் பயணத்தின் ஞாயிறுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் பேச்சுக்கு அடியில் அந்தத் தட்டல் இருக்கிறது அண்ணே. முதல் மாதம் லேசாக, போகப் போக எனக்கே கேட்கும் அளவுக்கு. பெரிய பெரிய கப்பல் எஞ்சினின் சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லும் உனக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்? ஊரில் எல்லாரையும் பற்றிக் குறை சொல்லி முடித்து, பத்து நிமிடம் ஆயிற்று, நிறுத்தப் போகிறேன் என்று ஒரு ஞாயிறு சொல்லியிருக்கிறேன். அதற்கு நீ அனுப்பிய பதில் இன்னும் போனில் இருக்கிறது. பின்னால் கப்பல் இரைகிறது, உன் குரல் களைத்திருக்கிறது.

"சத்தம் சரியாத்தான் இருக்குளா. அடுத்த வாரத்துலேருந்து இன்னும் அஞ்சு நிமிசம் கூட ஓடட்டும்."

எஞ்சினுக்கு நல்லதென்று நினைத்து, அதன்பிறகு கணக்காகப் பதினைந்து நிமிடம் ஓட்டினேன்.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. காரை விடு, போனில் பேசுளா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன் என்பதும் உனக்குத்தான் தெரியும். பேச வேறு ஆள் இல்லையே என்று இந்தக் கிறுக்கச்சிக்காக, முப்பது வருட உழைப்பில் வாங்கிய எஞ்சினைத் தேயவிட்டு, தேயும் சத்தத்தையும் வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

இரண்டாவது சாவியை நான் கொடுக்கவில்லை. பிரித்து விற்கிறவனுக்கு ஒன்று போதும். அது என் கைப்பையில், ஜெபமாலையோடு கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரி நேற்று, கார் போகிறதாமே என்று விசாரித்தாள். உள்ளே வா, காப்பி போடுகிறேன் என்றேன். அவளுக்கே ஆச்சரியம். வந்து உட்கார்ந்தாள். உன்னைப் பற்றித்தான் பேசினேன், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

பூனை வந்துவிட்டது. மோந்து பார்க்கும் முன்பே விரட்டினேன். தரையைக் கழுவ வேண்டும், வாளித் தண்ணீர் வெயிலில் சூடாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஊற்றுகிறேன் அண்ணே.

உன் தங்கச்சி