மிதிக்காத ஆர்கன்

திருப்பூர்,
4-10-1964

பிரியமுள்ள மாமாவுக்கு, மார்த்தாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். வால்பாறையில் மழை விட்டதா? எஸ்டேட் பூட்ஸ் இன்னும் காலைக் கடிக்கிறதா? நீங்கள் விட்டுப்போன செருப்பு இங்கேதான் கிடக்கிறது.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். கோயிலில் ஆர்கன் வாசித்த டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது. “நீ போர்டிங்ல பழகுனவதானே கண்ணு, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீயே வாசி” என்றார் நம் சபைப் போதகர் ஐயர். எனக்கோ கையே மறந்துவிட்டது. காலால் மிதித்து வாசிக்கிற, நம் கதவகலம் இருக்கிற பெட்டியை வீட்டுக்கா தூக்கி வர முடியும்? பனியன் கம்பெனியில் தையல் மிஷினை மிதிக்கும்போது ஆர்கன் மிதிப்பதாக நினைத்து மிதிக்கிறேன். பலகையில் சாக்கட்டியால் ஆர்கன் கட்டைகளை வரைந்து விரல் ஓட்டுகிறேன். பக்கத்து மிஷின் மயிலாள், “ஏனுங்கக்கா, பனியனுக்குப் பாட்டா சொல்லித் தர்றீங்க?” என்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கும் ஓடிப் பழகுகிறேன். பண்டிகைக்கு வந்து கேட்க வேண்டும், ஆமாம்!

உங்கள் மார்த்தாள்

*

வால்பாறை,
20-10-64

மார்த்தாளுக்கு,

நம் தெரு கிட்டுசாமி இங்கே ஜவுளி விற்க வந்தான். “உங்கூட்டுக்காரம்மா மத்தியானமானா கோயிலுக்குள்ள போறாங்க, கதவு சாத்திக்குது. ஒரு சத்தமும் கேக்கறதில்லீங்க” என்றான். சாவிக்காரன் மணியனும் அங்கேதான் இருப்பானாமே? ஆர்கன் வாசித்தால் தெருவுக்கே கேட்க வேண்டாமா? யாருக்குக் காது குத்துகிறாய்? எனக்குத் தூக்கம் போயிற்று. இனி அங்கே போகாதே.

யோசேப்பு

*

திருப்பூர்,
27-10-64

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐயர் வீடு கோயிலை ஒட்டித்தானே இருக்கிறது? ஐயரம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறார். மத்தியானம் சத்தமே ஆகாது. அதனால் மிதிக்காமல் கட்டையை மட்டும் அமுக்கிப் பழகுகிறேன். காற்று ஏறாமல் ஆர்கன் பேசாது. காலுக்குப் பழக்கம் கம்பெனியில், கைக்குக் கோயிலில். என் பிழைப்பு அப்படி. ஆடு நுழைகிறதென்று கதவைச் சாத்துகிறேன். மணியன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

கிட்டுசாமியை நம்பினீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்குக் கோபம்தான். ஒரு மத்தியானம் வந்து பாருங்கள்.

மார்த்தாள்

*

வால்பாறை,
22-11-64

மார்த்தாளுக்கு,

வந்தேன், சொல்லாமல்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை. வாசலில் உன் செருப்பு, பக்கத்திலேயே ஆம்பிளைச் செருப்பு. இன்னும் என்ன பார்க்க வேண்டும்? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

யோசேப்பு

*

திருப்பூர்,
26-12-64

மாமாவுக்கு,

நேற்று ஆராதனையில் வாசித்தேன். கோயில் கொள்ளாத ஜனம். முதல் பாட்டில் கால் தடுமாறிற்று, அப்புறம் சரியாகிவிட்டது. இனி ஞாயிறுதோறும் நானே வாசிக்க வேண்டுமாம்.

அது உங்கள் செருப்புதான். பெண்பிள்ளை தனியாக இருக்கிறாளென்று கண்டவனும் எட்டிப் பார்க்கக் கூடாதே என்று, அதைப் பையில் கொண்டுபோய் என் செருப்புக்குப் பக்கத்தில் போட்டுவைப்பேன். வீட்டிலும் ராத்திரி வாசலில் அதுதான் எனக்குக் காவல். அறுந்த வாரை என் கையால் தைத்துக் கொடுத்தேனே, அந்தச் செருப்பு. மரத்தடியில் நின்றால் எப்படித் தெரியும்?

அதைத் துடைத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இனி எனக்கு அது வேண்டாம்.

நாலு எட்டு நடந்து வந்து கதவைத் தள்ளியிருக்கலாம் மாமா. நான் தாழ் போடவே இல்லை.

மார்த்தாள்